சுகர் இருக்கறவங்க சிப்ஸ் சாப்பிடலாமா? சாப்பிடலாம், ஆனா எது, எப்படி, எவ்வளவு?

1/
போன மாதம் ஒரு தம்பதி கிளினிக்குக்கு வந்தாங்க. அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு வயசு 52. சுகர் வந்து ஏழு வருஷம். மூன்று மாத சராசரி சர்க்கரையான எச்பிஏ1சி 7.4ல இருந்து 8.6க்கு ஏறியிருந்தது.

"டாக்டர், ஸ்வீட்டைத் தொடறதே இல்லை. பஜ்ஜி, போண்டா, மிக்சர் எல்லாம் விட்டாச்சு. மாத்திரையும் ஒழுங்கா போடறேன். எப்படி ஏறுச்சுன்னே தெரியல" என்றார்.

2/
"சாயங்காலம் டீயோட என்ன சார் சாப்பிடறீங்க?"

"வெஜிடபிள் சிப்ஸ் மட்டும்தான் டாக்டர். காய்கறிதானே!"

அவர் மனைவி பையிலிருந்து பாக்கெட்டையே எடுத்துக் கொடுத்தார். முன்பக்கம் பீட்ரூட், கேரட், கீரை படம். பின்பக்கம் திருப்பினேன். சேர்மானப் பட்டியலில் முதலில் உருளைக்கிழங்கு மாவு. அடுத்து எண்ணெய். அடுத்து அரிசி மாவு. படத்தில் இருந்த மூன்று காய்களும் பொடியாக, பட்டியலின் கடைசியில்.

இந்தப் பட்டியல் எப்போதுமே எடை அதிகமானதில் தொடங்கி குறைவானதில் முடியும். முதலில் இருப்பதுதான் அந்தத் தின்பண்டம். மற்றதெல்லாம் நிறம், மணம்.

3/
இதில் அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எங்க மேலயும் தப்பு இருக்கு.

"எண்ணெய்ப் பலகாரம் கூடாது, பேக்கரி ஐட்டம் கூடாது" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு டீ டம்ளர் கையில் இருக்கும்போது பக்கத்தில் என்ன வைப்பது என்று சொல்வதில்லை. நாங்கள் காலியாக விட்ட அந்த இடத்தில்தான் அந்த பாக்கெட் வந்து உட்கார்ந்தது.

4/
2023ல் வெளியான ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி.

இத்தனை பேரிடமும் "இனி ஆயுசுக்கும் மொறுமொறுன்னு எதையும் கடிக்காதீங்க" என்று சொன்னால் நடக்குமா? ஒரு மாசம் நடக்கும். அப்புறம் கல்யாண வீட்டிலோ ரயில் பயணத்திலோ உடையும். உடைஞ்சா மொத்தமா உடையும்.

அதனால் என் கருத்து இது: மொறுமொறுப்பு மேல் ஆசைப்படுவது குற்றமில்லை. அதை மாவு இல்லாமல், வீட்டில், கண்ணுக்குத் தெரிந்த காயில் செய்யணும். அவ்வளவுதான். எப்படின்னு பார்ப்போம்.

5/
முதலில் ஒரு சின்ன கணக்கு. இது புரிந்தால் மீதி எல்லாம் புரியும்.

காய் சிப்ஸாகும்போது அதிலிருந்து போவது தண்ணீர் மட்டும்தான். மாவுச்சத்தும் சர்க்கரையும் எங்கேயும் போகாது, அப்படியே உள்ளே இருக்கும். எடை குறைவதால் நாம்தான் "கொஞ்சமாத்தானே சாப்பிட்டேன்" என்று ஏமாறுகிறோம்.

6/
அரைக் கிலோ பீட்ரூட்டைச் சீவிக் காய வைத்தால் கிடைப்பது 60 கிராம் சொச்சம். ஒரு கிண்ணம். அதில் நார்ச்சத்தைக் கழித்த பிறகும் 34 கிராம் அளவுக்கு மாவும் சர்க்கரையும் இருக்கும். 100 கிராம் சோற்றில் இருப்பது சுமார் 28 கிராம்.

அரைக் கிலோ பீட்ரூட் பொரியலை ஒருத்தர் ஒரே வேளையில் சாப்பிட முடியாது. சிப்ஸாக இருந்தால் ஒரு சீரியல் முடியறதுக்குள்ள கிண்ணம் காலி.

7/
அதே கணக்கைப் பாகற்காய்க்குப் போடுங்க. அரைக் கிலோ பாகற்காய் காய்ந்தால் 30 கிராம்தான் தேறும். நார்ச்சத்து போக மிஞ்சுவது சுமார் 5 கிராம்.

ஒரே எடை காய், ஒரே செய்முறை. ஒன்றில் 34, இன்னொன்றில் 5. "காய்கறி சிப்ஸ்" என்ற பொதுப்பெயரை நம்பாதீங்க, எந்தக் காய்னு கேளுங்க என்று நான் சொல்வது இதனால்தான்.

8/
குறைந்த மாவுச்சத்து சிப்ஸுக்கு ஏற்றவை: பாகற்காய், கோவைக்காய், வெண்டைக்காய், கொத்தவரங்காய்.

கணக்கு பார்த்து, எப்போதாவது: பீட்ரூட், கேரட்.

இந்தப் பட்டியலில் வராதவை: உருளை, மரவள்ளி, சேனை, சேம்பு, சர்க்கரைவள்ளி, வாழைக்காய். மரவள்ளியில் 100 கிராமுக்கு 38 கிராம் மாவுச்சத்து. ஏர் ஃப்ரையரில் செய்தாலும் மரவள்ளி மரவள்ளிதான். எண்ணெய் குறையும், மாவு குறையாது.

சுரைக்காய், பூசணிக்காயில் முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அத்தனையும் தண்ணி. கத்தரிக்காய் பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடிக்கும். அதுவும் வேண்டாம்.

9/
"ஹோட்டல்ல பாகற்காய் சிப்ஸ் சூப்பரா மொறுமொறுன்னு இருக்கே, வீட்ல செஞ்சா தொளதொளன்னு ஆகுதே, ஏன் டாக்டர்?" இதைக் கேட்காத ஆள் இல்லை.

உருளையில் இருக்கும் மாவுச்சத்தே சூட்டில் இறுகி ஓடு மாதிரி ஆகிவிடும். பாகற்காயில் அது இல்லை. அதனால் கடைக்காரர் வெளியிலிருந்து மாவைக் கொண்டு வருகிறார். சோள மாவு, அரிசி மாவு, சில இடங்களில் மைதா.

அரைக் கிலோ பாகற்காய்க்கு மூன்று மேசைக்கரண்டி சோள மாவு போட்டால் அதிலேயே 22 கிராம் மாவுச்சத்து. 5 கிராமில் இருந்த பாகற்காய் 27க்குப் போயாச்சு. கசப்பு இருக்கு, அதனால சுகருக்கு நல்லதுன்னு நாம சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்.

10/
மாவு இல்லாமல் மொறுமொறுப்பு வர வைக்க ஒரே வழி, ஈரத்தை முழுசா வெளியேற்றுவது. அதற்கு மூன்று விஷயம் வேணும். மெல்லிசா சீவணும். அடுப்பில் வைக்கும் முன்பே தண்ணியை எடுக்கணும். சின்னத் தீயில் பொறுமையா இருக்கணும்.

தீயைக் கூட்டினால் வெளியே கருகும், உள்ளே ஈரம் நிற்கும், ஆறியதும் தொய்ந்துவிடும்.

11/
பாகற்காய் சிப்ஸ், மூன்று பேருக்கு:

பாகற்காய் அரைக் கிலோ. இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு வட்டமாகச் சீவுங்க. முற்றிய விதையை எடுத்துடுங்க. அரை டீஸ்பூன் உப்பு போட்டுப் பிசறி அரை மணி நேரம் வையுங்க. தண்ணி விடும். நல்லா பிழிஞ்சு அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க, அதோடு உப்பும் ஓரளவு போய்விடும். பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் விடுங்க.

பிறகு மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கொஞ்சம் சீரகத்தூள், இரண்டு டீஸ்பூன் எண்ணெய். திரும்ப உப்பு போடாதீங்க.

12/
ஏர் ஃப்ரையர் இருந்தால் 160 டிகிரியில் 15 முதல் 20 நிமிஷம், நடுவில் இரண்டு மூன்று முறை குலுக்கி விடுங்க. ஓவன் என்றால் 150 டிகிரியில் 35 நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

இரண்டும் இல்லையா? கவலையே வேண்டாம். தோசைக்கல் போதும். ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, சின்னத் தீயில், திருப்பித் திருப்பிப் போட்டு 20 நிமிஷம். இதுக்காகக் கடன் வாங்கி மெஷின் வாங்காதீங்க.

அடுப்பில் இருக்கும்போது கொஞ்சம் வளைகிற மாதிரிதான் இருக்கும். இறக்கி, தட்டில் பரப்பி, பத்து நிமிஷம் ஆற விட்டால்தான் மொறுமொறுப்பு வரும். சூடா இருக்கும்போதே டப்பாவில் போட்டு மூடினால் அத்தனை பாடும் வீண்.

13/
வெண்டைக்காய்க்கு முறை வேற. கழுவி, துணியால் துடைத்து, சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்த பிறகுதான் கத்தி வைக்கணும். நீளவாக்கில் நாலாகக் கீறுங்க. இதுக்கு உப்பை முதலில் போடவே கூடாது. உப்பு பட்டால் கொழகொழப்பு வெளியே வந்து ஒட்டிக்கும். எண்ணெயும் மிளகாய்த்தூளும் புரட்டி, 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிஷம். இறக்கிய பிறகு உப்பு ஒரு சிட்டிகை, ஆம்சூர் பொடி இருந்தால் கொஞ்சம்.

ஏதாவது மாவு ஒட்டினால்தான் திருப்தி என்றால், ஒரே ஒரு மேசைக்கரண்டி கடலை மாவு தூவிக்கலாம். அதில் மாவுச்சத்து நாலு கிராம் சொச்சம்தான், கூடவே புரதமும் நாரும் உண்டு. சோள மாவை விட எவ்வளவோ மேல்.

14/
கோவைக்காயும் இதே மாதிரி, மெல்லிய வட்டமாக, தோசைக்கல்லில். கொத்தவரங்காயை முழுசாக ஒரு கொதி வேக வைத்து, வெயிலில் காய வைத்து எடுத்தால் நம்ம பழைய கொத்தவரங்காய் வத்தல்.

யோசிச்சுப் பாருங்க. சுண்டைக்காய் வத்தல், மிதுக்க வத்தல், பாகற்காய் வத்தல், வெண்டைக்காய் வத்தல். ஆச்சியும் பாட்டியும் மொட்டை மாடியில் காய வைத்தது எல்லாம் மாவு சேர்க்காத காய்கறி சிப்ஸ்தான்.

15/
ஆனா பழசுன்னா எல்லாம் நல்லதுன்னு நான் சொல்ல வரலை. இரண்டு எச்சரிக்கை.

ஒன்று, வத்தல் என்றாலே காய் வத்தல் இல்லை. கூழ் வத்தல் அரிசி. ஜவ்வரிசி வத்தல் மரவள்ளி மாவு. பெயர் ஒண்ணு, விஷயம் வேற.

இரண்டு, உப்பு. கெடாமல் இருக்க உப்பு மோரில் ஊற வைத்துக் காய வைத்தார்கள். தண்ணி போய் உப்பு மட்டும் நிற்கும். ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு இருக்கணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். பிபி இருப்பவர், இதயம் பலவீனமானவர் வத்தலைக் கிண்ணத்தில் அள்ளிச் சாப்பிடக் கூடாது.

வீட்டில் உப்பைக் குறைத்துப் போடுவதாக இருந்தால் இன்னும் மெல்லிசா சீவி, ஒடித்தால் படக்கென்று உடையும் வரை காய வையுங்க. ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததைத் துடைத்துவிட்டுப் பொரிக்கக் கூடாது, தூக்கிப் போடுங்க.

16/
எண்ணெய் பற்றி. "குறைந்த மாவுச்சத்து என்றால் எண்ணெய் எவ்வளவு வேணா ஊத்தலாமாமே?" என்று கேட்பவர்களுக்கு: ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. முழுக எண்ணெயில் பொரித்த சிப்ஸின் எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயாகவே இருக்கலாம். நான் மேலே சொன்ன முறையில் அரைக் கிலோ காய்க்கு இரண்டு டீஸ்பூன்தான், சுமார் 80 கலோரி.

ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீங்க. வீட்டில் மிஞ்சினால் வடிகட்டி, இரண்டொரு நாளில் தாளிக்கப் பயன்படுத்தித் தீருங்க.

கருக விடாதீங்க என்று சொல்வது ருசிக்காக மட்டும் இல்லை. 120 டிகிரிக்கு மேல் மாவும் சர்க்கரையும் உள்ள காய்கள் சிவக்கும்போது அக்ரிலமைட் என்ற வேதிப்பொருள் உருவாகும். 2002ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் இதை உணவில் இருப்பதாக வெளிப்படுத்தினார்கள். பயந்து நடுங்க வேண்டாம். பொன்னிறத்தில் இறக்குங்க, கருகினதை ஒதுக்குங்க, போதும்.

17/
இப்ப முக்கியமான பகுதி. இதைத் தாண்டிப் போகாதீங்க.

இன்சுலின் போடறவங்க, கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு மாதிரி மாத்திரை எடுக்கறவங்க, இந்த இழையைப் படிச்சிட்டு நாளையிலிருந்து சோறு, இட்லி எல்லாத்தையும் நிறுத்திட்டு பாகற்காய் சிப்ஸ் மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே பாருங்க. 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணியில் கரைச்சுக் குடிக்கணும். 15 நிமிஷம் கழிச்சுத் திரும்பவும் பாருங்க. அந்த நேரத்தில் சிப்ஸ் உதவாது. ஆள் மயக்கமா இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீங்க, உடனே 108க்குப் போன் போடுங்க.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு வெட்டினால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் என்று வந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

உணவை மாற்றும் முன் உங்க டாக்டரிடம் மருந்தளவைப் பேசுங்க. இரண்டும் சேர்ந்துதான் மாறணும்.

18/
சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்குத் தனியாக: காய் காயும்போது பொட்டாசியமும் போகாது. ஒரு கைப்பிடி சிப்ஸுக்குள் நிறைய காய் இருக்கு. உங்களுக்கு எந்தக் காய், எவ்வளவு என்று உங்கள் சிறுநீரக மருத்துவர் சொன்னதே சட்டம். என் இழை இல்லை.

இன்னொன்று, பாகற்காய் மருந்து இல்லை. அது மாவு குறைந்த ஒரு காய். அதைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டு, பிறகு காலில் புண்ணோடு வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க.

19/
சரி, அந்தத் தம்பதிகிட்ட திரும்ப வருவோம். இதையெல்லாம் நான் அவருக்குச் சொல்லிக்கிட்டு இருக்கும்போது அவர் தலையாட்டிக்கிட்டே மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கோ" என்கிற பார்வை.

அந்த அம்மா மெதுவா சொன்னாங்க: "செய்யறேன் டாக்டர். ஏற்கெனவே இவருக்குத் தனியா சப்பாத்தி, தனியா கூட்டு. பசங்களுக்குத் தனி. எனக்கு மிஞ்சின சோறுதான். இப்ப இதுவும் சேர்ந்துக்கும்."

20/
"அம்மா, நீங்க எப்ப கடைசியா சுகர் பார்த்தீங்க?"

பார்த்ததே இல்லையாம். மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்ததில் 118. 100 முதல் 125 வரை என்றால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. நான் மேலே சொன்ன 13.6 கோடியில் அவரும் ஒருத்தர், அவருக்கே தெரியாமல்.

வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் பத்தியம் சமைக்கிற முறை இப்படித்தான் முடியுது. சமைக்கிறவங்க தட்டில் என்ன விழுதுன்னு யாரும் பார்ப்பதில்லை. மறு விசிட்டில் டாக்டரும் கேட்பதில்லை. நானும் ஏழு வருஷமா கேட்கலை.

21/
அதனால் அவருக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டில் மாத்திரைக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினேன்: "காய் சீவும் வேலை சாருடையது."

சிரிச்சார். நான் சிரிக்கலை. அரைக் கிலோ பாகற்காயைச் சீவி, பிழிஞ்சு, துடைச்சு, 20 நிமிஷம் அடுப்புக்கு முன்னாடி நின்னு எடுத்தால் கிடைப்பது ஒரு சின்னக் கிண்ணம். அதை மூன்று பேர் பங்கு போடணும். தானே செஞ்சவர் அதை டிவி பார்த்துக்கிட்டே அள்ளிப் போட மாட்டார். ஒரு கைப்பிடிக்குள் எவ்வளவு காய் இருக்குன்னு அவர் கைக்குத் தெரியும். பாக்கெட்டைக் கிழிக்கும்போது அது தெரியாது. வீட்டில் செய்யுங்க என்று நான் அடிச்சுச் சொல்றதுக்குப் பெரிய காரணமே இதுதான்.

22/
சுருக்கமா:

✅ எந்தக் காய் என்று பாருங்க. பாகல், கோவை, வெண்டை, கொத்தவரை நல்லது.
✅ மாவு வேண்டாம். கட்டாயம்னா ஒரு கரண்டி கடலை மாவு.
✅ எண்ணெய் இரண்டு டீஸ்பூன், உப்பு கம்மி, பொன்னிறம்.
✅ ஒருத்தருக்கு ஒரு சின்னக் கைப்பிடி. கூட ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ ஒரு முட்டையோ இருந்தால் பசி அடங்கும்.
✅ டீயில் சர்க்கரை போட்டுக்கிட்டு சிப்ஸில் கணக்கு பார்க்காதீங்க.
✅ மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உணவைத் தலைகீழாக மாற்றாதீங்க.
✅ சமைக்கிறவங்களுக்கும் சுகர் பாருங்க.

23/
சிப்ஸை மாற்றினால் மட்டும் 8.6 இறங்கிடாது. மூணு வேளையும் தட்டில் விழும் சோறும் இட்லியும், நடையும், தூக்கமும், மருந்தும் சேர்ந்துதான் அதை இறக்கும். ஆனால் அந்த அஞ்சு மணி டீ தினமும் வருது. அதை மட்டும் சரி செய்தால்கூட வருஷத்துக்கு 365 தடவை ஒரு தப்பைத் தவிர்க்கிறோம்.

அவங்க ரெண்டு பேரும் அடுத்த மாசம் ரத்தப் பரிசோதனைக்கு வரணும். இந்த முறை ரெண்டு பேருக்கும் சீட்டு எழுதியிருக்கேன்.

உங்க வீட்ல மாவு இல்லாமல் மொறுமொறுன்னு வர்ற காய் வேற ஏதாவது இருந்தா கீழே எழுதுங்க. எல்லாருக்கும் பயன்படும்.